அணு அறிஞர் ஹோமி பாபா

நுழையும் முன்

அயல்நாடு சென்று உயர்கல்வி கற்றவர் பலர். கற்ற கல்வியைத் தம் நாட்டில் வேரூன்றச் செய்து, தமக்குப் பின்னும் அது தழைக்க வழிவகுத்தவர் சிலரே. அத்தகைய அறிஞர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தந்தையின் விருப்பமும் மகனின் நாட்டமும்

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். இன்றைய மும்பையே அன்றைய பம்பாய். தந்தையார் ஜஹாங்கீர் பாபா வழக்கறிஞர், தாயார் மெஹர்பாய். வீட்டில் நூல்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் குறைவில்லை. அத்தையின் கணவர் சர் தோராப்ஜி டாட்டா. அவரது இல்லத்தில் பெரியோர் கூடி எஃகு ஆலையைப் பற்றியும் நீர்மின் நிலையத்தைப் பற்றியும் உரையாடுவதைக் கேட்டே ஹோமி வளர்ந்தார்.

ஹோமி பொறியாளராகி, ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் பொறுப்பேற்க வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். அதன்படி 1927இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்குதான் அவர் மனம் வேறு திசையில் திரும்பியது. அணுவின் உள்ளமைப்பை ஆராய்வதில் அக்காலத்தில் உலகிலேயே முன்னின்ற இடங்களுள் கேம்பிரிட்ஜ் ஒன்று. ரூதர்போர்டு, டிராக் போன்ற பேரறிஞர்கள் அங்குப் பணியாற்றினர். இயற்பியலே தம் வழி என்று உணர்ந்த பாபா, பொறியியல் தம் இயல்புக்கு ஒத்ததன்று என்பதை 1928இல் தந்தையாருக்கு மடல் வழியே தெரிவித்தார்.

தந்தையார் சினம் கொள்ளவில்லை. உடனே இசையவும் இல்லை. பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால், பின்னர் கேம்பிரிட்ஜிலேயே தங்கிக் கணிதம் பயிலப் பொருளுதவி செய்வதாகக் கூறினார். பாபா அதனை ஏற்றார். 1930இல் பொறியியலில் முதல் வகுப்பில் தேறினார். 1932இல் கணிதத்திலும் முதல் வகுப்புப் பெற்றார். விருப்பமில்லாமல் கற்ற பொறியியல் வீண்போகவில்லை என்பதை அவரது பிற்கால வாழ்வு காட்டியது.

விண்ணிலிருந்து வரும் கதிர்கள்

விண்வெளியிலிருந்து புவியை நோக்கி மிகுந்த ஆற்றலுடைய துகள்கள் இடையறாது வந்துகொண்டிருக்கின்றன. இவற்றைக் காஸ்மிக் கதிர்கள் என்பர். இவை காற்று மண்டலத்தில் நுழைந்ததும் ஒன்று பலவாகப் பெருகி, மழைபோல் பொழிகின்றன. இப்பெருக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1937இல் பாபாவும் ஹைட்லர் என்னும் அறிஞரும் இணைந்து விளக்கினர். அதற்கு முன்பே, எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளாகிய பாசிட்ரானும் மோதிச் சிதறும் முறையைப் பாபா கணக்கிட்டிருந்தார். அந்நிகழ்வு இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

தங்குவதா, திரும்புவதா?

1939இல் விடுமுறைக்காகப் பாபா இந்தியா வந்தார். அவ்வேளையில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. கேம்பிரிட்ஜுக்குத் திரும்ப இயலவில்லை. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பணியில் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்து நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் அங்கு இயற்பியல் பேராசிரியராக விளங்கினார். பாபாவின் அறிவாற்றலையும் கலையுணர்வையும் கண்டு வியந்த இராமன், அவரை ஓவியராகவும் அறிவியலாளராகவும் திகழ்ந்த லியனார்டோ டாவின்சிக்கு ஒப்பிட்டுப் போற்றினார்.

போர் முடிந்ததும் மீண்டும் அயல்நாடு செல்லவே பாபா முதலில் எண்ணியிருந்தார். அங்கு நல்ல ஆய்வகங்கள் இருந்தன. ஒத்த அறிவுடைய நண்பர்கள் இருந்தனர். இந்தியாவிலோ அவர்தம் துறைக்கு ஏற்ற ஆய்வுக்கூடம் ஒன்றேனும் இல்லை. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் எண்ணம் மாறியது. தக்க ஆதரவு கிடைக்குமாயின், சொந்த நாட்டிலேயே தங்கிப் பிற நாடுகளுக்கு இணையான ஆய்வு நிலையங்களை உருவாக்குவது கடமை என்ற முடிவுக்கு வந்தார்.

1944ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளைக்கு அவர் ஒரு மடல் எழுதினார். அடிப்படை அறிவியலுக்கென ஒரு நிறுவனம் வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். இன்னும் சில பத்தாண்டுகளில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும். அப்போது வல்லுநர்களைத் தேடி இந்தியா அயல்நாடுகளிடம் செல்ல நேராமல், அவர்கள் இங்கேயே ஆயத்தமாக இருப்பர் என்பது அம்மடலின் கருத்து. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது 1945 ஆகஸ்டில்தான். அணுவின் ஆற்றலை உலக மக்கள் அழிவின் வாயிலாக அறியும் முன்பே, அதனை ஆக்கத்திற்குப் பயன்படுத்தும் ஆட்களை உருவாக்க அவர் திட்டமிட்டுவிட்டார்.

1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் தொடங்கப்பெற்று, அவ்வாண்டு இறுதியிலேயே பம்பாய்க்கு மாறியது. பாபா பிறந்த கெனில்வொர்த் என்னும் மாளிகையின் ஒரு பகுதியே அதன் முதல் இருப்பிடமாக அமைந்தது. பதவியை உருவாக்கிவிட்டு ஆளைத் தேடுவது அவர் வழக்கமன்று. திறமை மிக்கவரைக் கண்டறிந்து, அவரைச் சுற்றி ஒரு துறையை வளர்ப்பதே அவர் கைக்கொண்ட முறை.

நீரினுள் நீல ஒளி

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், 1948இல், இந்திய அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டது. பாபா அதன் தலைவரானார். சாந்தி ஸ்வரூப் பட்நாகரும், தமிழ்நாட்டில் பிறந்த இயற்பியல் அறிஞர் கே. எஸ். கிருஷ்ணனும் உறுப்பினராயினர். 1954இல் பம்பாயை அடுத்த டிராம்பேயில் அணுசக்தி நிலையம் உருவாயிற்று.

யுரேனிய அணுவின் கருவை ஒரு நியூட்ரான் தாக்கினால் அக்கரு இரண்டாகப் பிளந்து, வெப்பத்தை வெளியிடுகிறது. உடன் வெளிப்படும் இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் பிற கருக்களைத் தாக்குகின்றன. இத்தொடர்வினை கட்டுக்கடங்காமல் ஒரு நொடியின் சிறு கூற்றில் பெருகினால், அது அணுகுண்டு. மிகையான நியூட்ரான்களை உறிஞ்சும் தண்டுகளைக் கொண்டு அதனை அளவோடு நிகழச் செய்தால், அது அணு உலை.

இந்தியப் பொறியாளர்களும் அறிவியலாளர்களும் வடிவமைத்துக் கட்டிய முதல் அணு உலை, 1956 ஆகஸ்ட் 4ஆம் நாள் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. எரிபொருள் இங்கிலாந்திலிருந்து வந்தது. உலையோ இங்கு உருவானது. ஆசியாவின் முதல் அணு உலை என்னும் பெருமை அதற்குண்டு. நீர் நிறைந்த தொட்டியினுள் இருந்த அவ்வுலை, இயங்கும்போது அழகிய நீல ஒளியைப் பரப்பியது. அதனால் பிரதமர் நேரு அதற்கு அப்சரா எனப் பெயரிட்டார். அடுத்த ஆண்டே டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டு, இளம் பட்டதாரிகள் ஆண்டுதோறும் அணுவியலில் பயிற்சி பெற்றனர்.

கடற்கரை மணலில் கண்ட செல்வம்

இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி. கேரளக் கடற்கரையிலும், தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் காணப்படும் மோனசைட் மணலில் தோரியம் உள்ளது. ஆனால் தோரியத்தை நேரடியாக எரிபொருளாகப் பயன்படுத்த இயலாது. எனவே பாபா மூன்று கட்டத் திட்டம் ஒன்றை வகுத்தார். முதற்கட்டத்தில் யுரேனிய உலைகள் மின்சாரத்துடன் புளூட்டோனியத்தையும் தரும். இரண்டாம் கட்டத்தில் அப்புளூட்டோனியத்தைக் கொண்டு இயங்கும் உலைகள், செலவழித்ததைவிட மிகுதியான எரிபொருளை உண்டாக்கும். மூன்றாம் கட்டத்தில் தோரியம் புதுவகை யுரேனியமாக மாற்றப்பட்டுப் பயன்படும். இரண்டாம் கட்டத்திற்கான ஆய்வுகள் சென்னையை அடுத்த கல்பாக்கத்தில் நடைபெறுகின்றன. மூன்றாம் கட்டம் இன்னும் நிறைவேறவில்லை.

ஆக்கமா, அழிவா?

1955இல் அணுவை அமைதிப் பணிகளுக்குப் பயன்படுத்துவது குறித்து ஐக்கிய நாடுகள் அவை ஜெனீவாவில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. அதற்குப் பாபா தலைமை தாங்கினார். இரகசியமாகக் காக்கப்பட்ட பல செய்திகளைப் பல நாட்டு அறிஞர்கள் அங்கு முதன்முறையாகப் பகிர்ந்துகொண்டனர். விண்மீன்கள் ஒளிரக் காரணமான அணுக்கரு இணைவு, இருபது ஆண்டுகளில் மனிதனின் கட்டுப்பாட்டிற்குள் வந்துவிடும் என்று பாபா அங்குக் கணித்தார். அக்கணிப்பு அவர் குறித்த காலத்தில் பலிக்கவில்லை.

1964இல் சீனா அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. இந்தியா என்ன செய்ய வேண்டும் என்ற வினா நாடெங்கும் எழுந்தது. அணுகுண்டு செய்வது இந்தியாவாலும் இயலும் என்பதைப் பாபா மறைக்கவில்லை. உலக நாடுகள் படைக்கலங்களைக் குறைக்க முன்வர வேண்டும் என்பதையும் வானொலி உரையில் வலியுறுத்தினார். அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1974இல், இந்தியா தன் முதல் அணுவெடிப்புச் சோதனையை நடத்தியது. ஆக்கமா அழிவா என்னும் வினா அவர் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

கலையும் மரமும்

பாபா நல்ல ஓவியர். மேலைநாட்டுச் செவ்வியல் இசையில் திளைத்தவர். ஆராய்ச்சி நிறுவனத்திற்குக் கொலாபாவில் கடலோரத்தில் எழுந்த கட்டடத்தின் வடிவமைப்பிலும் தோட்டத்திலும் தனிக்கவனம் செலுத்தினார். அக்கட்டடத்தை 1962இல் நேரு திறந்து வைத்தார். எம். எஃப். ஹுசேன் உள்ளிட்ட இந்திய ஓவியர்களின் படைப்புகள் அதன் சுவர்களை அணிசெய்தன. வளர்ந்த மரங்களை வெட்டுவதை அவர் விரும்பவில்லை. வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்தார்.

மறைவு

1966 ஜனவரி 24ஆம் நாள், வியன்னாவில் நடைபெறவிருந்த பன்னாட்டு அணுசக்திக் கூட்டத்திற்காகப் பாபா பயணம் செய்த ஏர் இந்தியா விமானம், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோண்ட் பிளாங் சிகரத்தில் மோதியது. விமானத்திலிருந்த 117 பேரும் உயிரிழந்தனர். பாபாவுக்கு அப்போது வயது 56. நாடு துயரில் ஆழ்ந்தது. ஆனால் டிராம்பேயின் பணி நின்றுவிடவில்லை. அதனைத் தொடர்ந்து நடத்தத்தக்க அறிஞர்களை அவர் முன்னரே உருவாக்கியிருந்தார். 1967இல் அந்நிலையத்திற்குப் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் சூட்டப்பட்டது.

சொற்பொருள்

நாட்டம் – விருப்பம்
இசைதல் – உடன்படுதல்
ஆக்கம் – உருவாக்கம், நன்மை
படைக்கலம் – போர்க்கருவி
திளைத்தல் – மூழ்கி மகிழ்தல்

பயிற்சி

1. பாபாவின் தந்தையார் விதித்த நிபந்தனை யாது?
2. அணுகுண்டிற்கும் அணு உலைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. மூன்று கட்டத் திட்டம் இந்தியாவிற்கு ஏன் தேவைப்பட்டது?
4. 1944ஆம் ஆண்டு மடலின் சிறப்பை ஐந்து வரிகளில் எழுதுக.
5. தந்தையாரின் விருப்பத்தையும் தம் விருப்பத்தையும் பாபா எவ்வாறு இணைத்து நிறைவேற்றினார்? வகுப்பில் கலந்துரையாடுக.