போப்பையர்

திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த போப்பையரைப் பற்றி மாணாக்கர்க்குக் கூறுங்கால், நாம் பெரும்பாலும் அவர் கல்லறைக் கதையொன்றைச் சொல்லி நிறுத்திவிடுகின்றோம். அவர் வாழ்க்கையோ அக்கதையினும் சிறந்தது.

ஜார்ஜ் யுக்ளோ போப் 1820ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் தேதி வட அமெரிக்காவைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவிற் பிறந்தார்; இளமையிலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சேர்ந்தார். 1837இல் தமிழின் முதற்பாடங் கற்று, 1839இற் சென்னையில் வந்திறங்கினார். அங்கே இராமாநுச கவிராயரிடம் தமிழ் பயின்றார். பின்னர்த் திருநெல்வேலிச் சீமையிலுள்ள சாயர்புரத்தில் கல்விச்சாலை அமைத்துத் தமிழ்ச் சிறார்க்குக் கிரேக்கமும் இலத்தீனும் புகட்டினார். தஞ்சையிலும் பெங்களூரிலும் பணியாற்றினார். இடையே ஏறக்குறையப் பத்தாண்டு உதகமண்டலத்திற் பள்ளி நடத்தினார். நுவரெலியாவிலும் அட்டனிலும் தேயிலைத் தோட்டங்களினிடையே, பனிமூட்டத்திற் பாடஞ் சொல்லும் நம்மவர்க்கு அவ்வூரின் குளிரை விளக்க வேண்டுவதில்லை. பள்ளிப் பிள்ளைகட்கென அவர் தமிழிலக்கணத்தை வினாவிடையாக எழுதியதும் நம்மனோர் கருதத்தக்கதே.

முதுமையில் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்குங் கற்பித்தார். 1886இல் திருக்குறளும் 1893இல் நாலடியாரும் அவர்தம் ஆங்கிலப் பெயர்ப்புடன் வெளிவந்தன. திருவாசகத்தை அச்சிடுமாறு பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் தூண்டியபோது, அதனை முடிக்குமளவு ஆயுள் தமக்கு இராதென்று போப்பையர் தயங்கினார். பெரும்பணியொன்றைக் கையிற் கொண்டிருத்தலே நீடுவாழும் வழியென்றும், முடிக்குமளவும் அவர் இருப்பாரென்றும் ஜோவெட் தேற்றினார். தேற்றியவர் 1893இல் மறைந்தார். தேற்றப்பட்டவரோ தம் எண்பதாம் பிறந்தநாளாகிய 1900 ஏப்பிரல் 24இல் அந்நூலின் முகவுரைக்கு நாளிட்டார். முதற்பாடங் கற்று அப்பொழுது அறுபத்துமூன்று ஆண்டு கழிந்திருந்தது! சைவசித்தாந்தத்தை விளக்கும் பின்னிணைப்புக்களும் தமிழ்ச் சொல்லகராதியும் அந்நூலில் உள.

அவர் இறுதிவரை கிறித்தவ குருவே. வள்ளுவர் கிறித்தவ போதனை கேட்டிருத்தல் கூடுமென்று அவர் கருதியதற்குச் சான்றில்லை. அதனை யாம் ஒப்புகிலேம். ஆயினும், தம் சமயத்தை விடாது நின்றே மாணிக்கவாசகரை அவர் போற்றினாராதலின், அப்போற்றுதலை முகமன் என்று தள்ளுதல் இயலாது. அவரை மறைமுகச் சைவராக்கிப் பேசுவோர் அப்பெருமையைக் குறைப்பவரேயாவர்.

1908 பெப்பிரவரி 11ஆந் தேதி அவர் உயிர்நீத்தார். தம்மைத் தமிழ் மாணவன் என்று கல்லறையிற் பொறிக்கச் சொன்னார் என்பதே நாம் குறித்த கதை. ஆக்சுபோர்டிலுள்ள அக்கல்லில் அத்தொடர் இல்லை. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழன்பரும் கூடி அக்கல்லை நாட்டினர் என்னும் செய்தி அதிற் பொறிக்கப்பட்டுள்ளது.