மணல் மேல அணை கட்டின மனுஷன்



செஞ்சிப் பக்கம் படிக்கிற நமக்கு ஃபவுண்டேஷன்னா கண்ணு முன்னாடி வர்றது ராஜகிரிதான். கோட்டைச் சுவர் நேரா கருங்கல் பாறை மேல உட்கார்ந்திருக்கும். அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு யாரும் கேட்க வேண்டியதே இல்ல. அப்படி ஒரு சைட் கிடைச்சா எந்த சிவில் இன்ஜினியருக்கும் நிம்மதியா தூக்கம் வரும்.

ஆனா வேலைக்குப் போனதும் நமக்குக் கிடைக்கப்போற சைட் எல்லாம் ராஜகிரி இல்ல. ஏரிக்கரைக் களிமண் இருக்கும், கடலோர மணல் இருக்கும், எவ்வளவு தோண்டினாலும் பாறையே தட்டாத ஆத்துப் படுகை இருக்கும். அந்த மாதிரி மண்ணில் வாழ்நாள் முழுக்கக் கட்டின ஒருத்தரைப் பத்தித்தான் இந்த மாசம் சொல்லப்போறேன். பேர் சர் ஆர்தர் காட்டன். கோதாவரிப் பக்கம் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை இருக்கு. நம்ம ஊர்ல அவர் பேர் அவ்வளவா தெரியாது. ஆனா அவர் இந்த வேலையைக் கத்துக்கிட்டது ஆந்திராவில் இல்ல, நம்ம காவிரியில்.

1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தார். வீட்டில் பையன்கள் மட்டும் பதினோரு பேர், இவர் பத்தாவது. நாம பிளஸ் ஒன் சேர்ற வயசில், கிழக்கிந்தியக் கம்பெனி நடத்தின அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1821-ல் மதராஸ் வந்து இறங்கினப்ப வயசு பதினெட்டு. பாம்பன் கால்வாயை ஆழப்படுத்த முடியுமான்னு பார்க்கிற சர்வே வேலை, அப்புறம் 1824-ல் தொடங்கின பர்மா யுத்தம்னு முதல் சில வருஷம் ஓடிப்போச்சு. திரும்பி வந்ததும் காவிரிப் பாசனத்தைப் பார்க்கிற பொறுப்பு வந்தது.

அப்போ தஞ்சாவூர் டெல்டாவின் நிலைமை மோசம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு ரெண்டாப் பிரியுது: தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடம் பள்ளம், சரிவும் அதிகம். தண்ணி எப்பவும் பள்ளத்தைத்தானே தேடும்? வருஷா வருஷம் காவிரியில் மணல் மேடு ஏற, தண்ணி கொள்ளிடம் வழியா நேரா கடலுக்குப் போயிட்டிருந்தது. கம்பெனிக்கு வரி குறையுதுன்னு கவலை, உழவருக்கு வயிறு காயுதுன்னு கவலை. கொள்ளிடத்தின் தலைப்பில் ஒரு அணை கட்டினா ரெண்டும் தீரும். ஆனா அங்க இருக்கிறது வெறும் மணல். அதில் எப்படிக் கட்டுறது?

அந்தக் காலத்தில் இதுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. நாம செமஸ்டருக்குப் படிக்கிற சாயில் மெக்கானிக்ஸுக்கு அடித்தளம் போட்ட டெர்சாகியின் புத்தகம் வந்தது 1925-ல்தான். காட்டன் செத்து 26 வருஷம் கழிச்சு!

ஆனா கொஞ்சம் கிழக்கே போனா ஒரு பாடம் கல்லாவே கிடந்தது. கல்லணை. கரிகாலன் கட்டினதா நாம சொல்ற, பல நூற்றாண்டு வெள்ளம் பார்த்த அணை. காட்டன் அதைக் கிட்டப்போய்ப் படிச்சார். 1830 வாக்கில் மணல் வெளியேற அதில் அடிமட்டத் திறப்புகளும் வைத்தார். உள்ளே இருந்தது செதுக்காத பெரிய கற்களும் களிமண்ணும்தான். பாறை வரைக்கும் போன அஸ்திவாரம்னு எதுவும் இல்ல.

அது எப்படி நிக்குது? பெரிய கல்லை ஆத்து மணல்ல போட்டா, ஓடுற தண்ணி கல்லைச் சுத்தி மணலை அரிக்கும், கல் கீழ இறங்கும். அது மேல இன்னொரு கல் போட்டா அதுவும் இறங்கும். இப்படியே போட்டுக்கிட்டே போனா ஒரு கட்டத்தில் இறங்குறது நிக்கும். அதுக்கு மேல கட்டலாம். ஆழம் தெரியாத மணல்ல எப்படி அஸ்திவாரம் போடுறதுன்னு தனக்குக் கத்துக்கொடுத்தது கல்லணையைக் கட்டினவங்கதான்னு காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாவே எழுதி வைத்தார். தென்னிந்தியாவில் தாங்கள் கட்டின பாலத்துக்கும் அணைக்கும் அந்தப் பாடம்தான் வழி காட்டுச்சுன்னும் ஒத்துக்கிட்டார். ஆளுற கம்பெனியின் அதிகாரி ஒருத்தர் பேர் தெரியாத நம்ம ஊர்க் கொத்தனார்களைத் தன் வாத்தியார்னு ஏத்துக்கிட்டது சாதாரண விஷயம் இல்ல.

1836-ல் முக்கொம்பில் மேலணை முடிஞ்சது. அதே சமயத்தில் கொள்ளிடத்தில் இன்னும் கீழே, அணைக்கரையில் கீழணையும் வந்தது. வீராணம் ஏரிக்கு வடவாறு வழியாத் தண்ணி போறது அந்தக் கீழணையிலிருந்துதான். அப்போ வீராணமும் நம்ம செஞ்சியும் ஒரே தென்னாற்காடு மாவட்டம், அதனால அந்த அணையில் நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு!

இந்த அணைகளுக்கு அவர் பயன்படுத்தின முறையையும் தெரிஞ்சுக்கங்க. மணல் மேல செங்கல்லால் வட்டமா ஒரு கிணத்துச் சுவர் எழுப்புவாங்க. உள்ளே இருக்கிற மணலைத் தோண்டி வெளியே எடுப்பாங்க. சுவர் தன் எடையாலேயே கீழ இறங்கும். மேல இன்னும் சில வரிசை கட்டுவாங்க, மறுபடி தோண்டுவாங்க. வேணுங்கிற ஆழம் வந்ததும் உள்ளே நிரப்பி மூடிடுவாங்க. இப்படிக் கிணறுகளை வரிசையா இறக்கி, அது மேல அணைச் சுவர். நம்ம ஊரு உறைகிணறு இறக்குற வேலை மாதிரியேதான். தாஜ்மகாலும் யமுனைக் கரையில் கிணத்து அஸ்திவாரம் மேலதான் நிக்குது. இன்னைக்கு ஆத்துப் பாலங்களுக்கு நாம போடுற வெல் ஃபவுண்டேஷனும் இந்தக் குடும்பம்தான்.

மணல் எடையைத் தாங்காதுன்னு நினைக்காதீங்க. நகராம அடைச்சு வெச்சா மணல் நல்லாவே தாங்கும். அது நகர ஆரம்பிச்சாதான் ஆபத்து. ரெண்டு விதமா நகரும். ஒண்ணு, அணையைத் தாண்டி விழுற தண்ணி கீழ்ப்பக்கம் குழி பறிக்கும். இன்னொண்ணு, அணைக்கு அடியில் கசியுற தண்ணி மறுபக்கம் வெளியே வரும்போது மணலையும் கூட இழுத்துக்கிட்டு வரும். மேல சுவர் அழகா நிக்கும், கீழ ஒண்ணும் இருக்காது. கிணறுகள் கசிவுத் தண்ணியின் பாதையை நீளமாக்கும். கீழ்ப்பக்கம் கொட்டி வெச்ச உதிரிக் கற்கள், குழி விழுந்தா தாமே சரிஞ்சு அதை நிரப்பும். சரிஞ்ச இடத்தில் அடுத்த வருஷம் புதுக் கல் கொட்டணும். கொட்டாம விட்டா அணை போயிடும். அதாவது ரிப்பேர் இங்க டிசைனிலேயே இருக்கு.

மேலணையே இதுக்கு உதாரணம். அணை எதிர்பார்த்ததை விட நல்லாவே வேலை செஞ்சது. காவிரிக்குள்ள அவ்வளவு தண்ணி திரும்பி, காவிரியின் படுகையே அரிக்க ஆரம்பிச்சது. 1843-ல் அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தினாங்க. 1845-ல் காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு தடுப்பு கட்டினாங்க. இந்தப் பக்கம் ஆத்தைத் தொட்டா அந்தப் பக்கம் அது பதில் சொல்லும்னு காவிரி காட்டிக்கொடுத்தது.

அடுத்தது கோதாவரி. 1833 பஞ்சத்தில் குண்டூர்ப் பகுதி அழிஞ்சு கிடந்தது. பக்கத்துலயே பெரிய ஆறு வீணாக் கடலுக்குப் போயிட்டிருந்தது. காட்டன் திட்டம் எழுதிக் கொடுத்து, 1847-ல் தவளேஸ்வரத்தில் வேலையை ஆரம்பிச்சார். தீவுகளுக்கு இடையில நாலு துண்டா, மொத்தம் சுமார் 4 கிலோமீட்டர் நீள அணை. அதே மணல், அதே கிணறுகள், அதே உதிரிக் கல். காவிரியில் கத்துக்கிட்டதை அங்க பல மடங்கு பெருசாச் செஞ்சார். நடுவுல உடம்பு பலமுறை கைவிட்டும் 1852-ல் அணை முடிஞ்சது. பஞ்சம் பார்த்த டெல்டா நெல் களஞ்சியம் ஆச்சு. இன்னைக்கு அங்க இருக்கிற புது அணைக்கு அவர் பேர்தான்.

1861-ல் சர் பட்டம் கிடைச்சது. ஊர் திரும்பியும் சும்மா இருக்கல. இந்தியாவுக்கு ரயிலை விடக் கால்வாய்தான் முதல்ல வேணும்னு விடாம வாதாடினார். தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தப்பவும் அதையே சொன்னார். 1878-ல் லண்டன் பாராளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டுக் கேள்வி மேல கேள்வி கேட்டது. அப்போ வயசு 75. அந்த வாதத்தில் அவர் ஜெயிக்கல. வயசான காலத்தில் டார்க்கிங்கில் தன் வீட்டுத் தோட்டத்து மண்ணை ஆழமாக் கிளறி, கோதுமை விளைச்சல் கூடுதான்னு பார்த்துக்கிட்டிருந்தார். 1899 ஜூலை 24-ல் அங்கேயே இறந்தார்.

அதுக்கு முந்தின வருஷம்தான் கங்கையில் நரோரா அணையின் ஒரு பகுதி அடிக்கசிவால் உடைஞ்சது. அப்படிப்பட்ட உடைப்புகள்தான் நாம எக்ஸாமுக்குப் படிக்கிற பிளை, லேன், கோஸ்லா தியரிகளுக்குக் காரணம். காட்டனும் கல்லணைக்காரங்களும் கண்ணால் பார்த்து, கையால் செஞ்சதை இவங்க கணக்கா மாத்தினாங்க.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைச்சா, 2018 ஆகஸ்ட் 22-ஐ ஞாபகப்படுத்திக்கங்க. காவிரியில் வெள்ளம் போன நேரத்தில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் இடிஞ்சு விழுந்தது. காட்டன் தேர்ந்தெடுத்த இடம், பிற்காலத்தில் தூணும் ஷட்டரும் வெச்சு மாத்தின அணை. மணல் மூட்டையும் பாறாங்கல்லும் கொட்டித்தான் தண்ணியைத் தடுத்தாங்க. யோசிச்சுப் பாருங்க, அவசரத்துக்குக் கை கொடுத்தது மறுபடியும் ஆத்துல கல் கொட்டுற வேலைதான். அப்புறம் புதுசா ஒரு கதவணை கட்டினாங்க.

பாறை மேல கட்டுறவங்க வேலை திறப்பு விழாவோட முடியலாம். மணல் மேல கட்டுறவங்களுக்கு அன்னைக்குத்தான் வேலை ஆரம்பம். ஒவ்வொரு வெள்ளத்துக்கு அப்புறமும் போய் ஆழம் அளந்து பார்க்கணும், கல் போடணும், தேவைப்பட்டா தான் கட்டினதையே இடிச்சுத் தாழ்த்தணும். அடுத்த வருஷம் நம்மில் பல பேர் ஏதோ ஒரு டிராயிங்கில் கையெழுத்துப் போடப்போறோம். போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: கீழ என்ன மண்? கட்டி முடிச்சப்புறம் இதை யார் வந்து பார்ப்பாங்க?

லீவுக்குத் திருச்சிப் பக்கம் போனா முக்கொம்பும் கல்லணையும் ஒரே நாள்ல பார்த்திடலாம். பார்த்துட்டு வாங்க மக்களே!