பேயா, நோயா? மனநல சிகிச்சைக்கு இந்தியாவில் பாதை போட்ட கிரீந்திரசேகர் போஸ் யார்?

திருத்தணி பக்கம் உள்ள திருவாலங்காடு, காரைக்கால் அம்மையார் பேயுருவில் சிவனின் நடனம் கண்ட தலம். அங்கே பேய் என்பது பக்தியின் வடிவம். ஆனால் வீட்டில் ஒருவர் திடீரென்று தனியாகப் பேசினாலோ, சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டாலோ, பேய் பிடிச்சிருக்கு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போகும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன்பே, இப்படிப்பட்டவர்களை உட்கார வைத்துப் பேசவிட்டுக் கேட்டவர் ஒருவர் இந்தியாவில் இருந்தார். அவர்தான் கிரீந்திரசேகர் போஸ்.

எங்கே பிறந்தார்?

1887 ஜனவரி 30-ல், பீகாரின் தர்பங்காவில். அப்பா சந்திரசேகர் போஸ் தர்பங்கா மகாராஜாவிடம் திவானாக இருந்தவர். அண்ணன் ராஜசேகர் போஸ், பரசுராம் என்ற பெயரில் எழுதிய புகழ்பெற்ற வங்க எழுத்தாளர். கிரீந்திரசேகர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து 1910-ல் டாக்டரானார். மேஜிக்கிலும் ஹிப்னாடிசத்திலும் அவருக்கு சின்ன வயதிலிருந்தே ஆர்வம்.

டாக்டர் ஏன் மறுபடியும் மாணவர் ஆனார்?

1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை வந்தது. நல்லா ஓடிக்கொண்டிருந்த டாக்டர் தொழில் கையில் இருக்கும்போதே, 29 வயதில் போஸ் அங்கே சேர்ந்தார். 1917-ல் எம்.எஸ்சி. முடித்து, அதே துறையில் ஆசிரியரானார். மனதில் அடக்கி வைக்கப்படும் ஆசைகள் பற்றிய ஆய்வுக்காக 1921-ல் டாக்டர் பட்டம் பெற்றார். திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணன் தத்துவப் பேராசிரியராக அதே பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் அந்த வருடம்தான்.

ஃப்ராய்டுடன் என்ன தொடர்பு?

தன் ஆய்வை வியன்னாவில் இருந்த சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு போஸ் அனுப்பினார். கடிதப் போக்குவரத்து வருடக்கணக்கில் நீண்டது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. 1922-ல் கல்கத்தாவில் தன் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார் போஸ். ஃப்ராய்டின் 75-வது பிறந்தநாளுக்குச் சங்கம் அனுப்பிய தந்த விஷ்ணு சிலை, அவருடைய மேசையில் இடம் பிடித்தது.

அதற்காக ஃப்ராய்டு சொன்னதற்கெல்லாம் போஸ் தலையாட்டவில்லை. ஐரோப்பிய நோயாளிகளிடம் ஃப்ராய்டு கண்டது, தன்னிடம் வரும் வங்காளிகளிடம் அப்படியே இல்லை என்று எழுதினார். ஒவ்வொரு ஆசைக்குள்ளும் அதற்கு நேரெதிரான ஆசை ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய கோட்பாடு. அடிக்க நினைப்பவர் மனதின் அடியில், அடி வாங்கும் ஆசையும் கிடக்கும். அதை வெளியே கொண்டுவந்தால் மனப்போராட்டம் தணியும் என்றார்.

மக்களுக்கு என்ன கிடைத்தது?

அந்தக் காலத்தில் மனநோய் என்றால் பூட்டி வைக்கும் இடம்தான். 1933-ல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநலப் புறநோயாளிகள் பிரிவை போஸ் தொடங்கினார். காய்ச்சலுக்குச் சீட்டு வாங்குகிற மாதிரி, மனக்கஷ்டத்துக்கும் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. நாட்டில் பொது மருத்துவமனை ஒன்றில் இப்படி ஒரு பிரிவு வந்தது அதுவே முதல்முறை. 1940-ல் அண்ணன் கொடுத்த கட்டடத்தில், மூன்றே படுக்கைகளுடன் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை பிறந்தது. 1953 ஜூன் 3-ல் போஸ் காலமானார்.

இன்று நிலை என்ன?

1954-ல் பெங்களூருவில் அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது. இன்றைய நிம்ஹான்ஸ் அதுதான். மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்க, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசனைக்குப் போகிறவர்கள் அந்தப் பதிவு எண்ணைத் தாராளமாகக் கேட்கலாம். பக்கத்தில் யாரும் இல்லையென்றால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ல் எந்த நேரமும் பேசலாம்.