வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (சுமார் 1753 – சனவரி 20, 1823) ஆங்கிலேயப் படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். சென்னையை அடுத்த பரங்கிமலையில் 1802 ஆம் ஆண்டில் இவர் தொடங்கிய பணியே பின்னர் இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவீடு என்ற பெயரில் இமயமலை வரை விரிந்தது. ஒரு நேர்க்கோட்டை மட்டும் மிகத் துல்லியமாக அளந்து, ஏனைய தொலைவுகளைக் கோணங்களையும் வடிவியல் தேற்றங்களையும் கொண்டு கணித்தறிவது இவரது முறையாகும்.

இளமை

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் எளிய வேளாண் குடும்பத்தில் பிறந்தார். இவரது பிறந்த ஆண்டு 1753 முதல் 1756 வரை பலவாறாகக் குறிக்கப்படுகிறது. 1781 இல் படையில் சேர்ந்த இவர், பின்னர் 33 ஆவது காலாட்படைப் பிரிவில் இடம்பெற்றார். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் வட அமெரிக்காவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அக்காலத்தில் கணிதமும் வானியலும் கற்றுத் தேர்ந்தார்.

இந்திய வருகை

தனது படைப்பிரிவுடன் 1790களின் பிற்பகுதியில் லாம்டன் இந்தியா வந்தார். அப்பிரிவின் தலைவர் ஆர்தர் வெல்லெசுலி. இவரே பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் ஆனவர். 1799 இல் நடந்த நான்காம் மைசூர்ப் போரில் லாம்டன் பங்கேற்றார். இரவு நேரப் படை நகர்வு ஒன்றில், படை தவறான திசையில் செல்வதை விண்மீன்களைக் கொண்டு இவர் கண்டறிந்தார் எனக் கூறப்படுகிறது.

திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் பெரும் நிலப்பரப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதிக்கத்தின் கீழ் வந்தது. அதனை ஆளவும் வரி விதிக்கவும் நம்பகமான நிலப்படங்கள் தேவைப்பட்டன. இந்தச் சூழலில், தீபகற்பத்தின் கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை முக்கோணவியல் முறையில் அளக்கும் திட்டத்தை லாம்டன் முன்வைத்தார். நிலப்படத்துடன் புவியின் வடிவத்தையும் அறிவது இவரது நோக்கமாக இருந்தது. செலவு குறித்து அரசுக்குள் எதிர்ப்பு எழுந்தபோதும் ஆளுநர் எட்வர்டு கிளைவ் 1800 இல் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார்.

வடிவியல் அடிப்படை

யூக்ளிடின் வடிவியலில் புள்ளி, கோடு முதலியன அடிப்படைச் சொற்கள். மெய்ப்பிக்காமல் ஏற்றுக்கொள்ளப்படும் கூற்றுகள் எடுகோள்கள். இவற்றிலிருந்து தருக்க முறைப்படி பெறப்படுபவை தேற்றங்கள். லாம்டனின் அளவீட்டில் புள்ளி என்பது மலையுச்சியிலோ கோபுரத்திலோ அமைத்த குறி. கோடு என்பது ஒரு குறியிலிருந்து மற்றொன்றைக் காணும் பார்வைக் கோடு.

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் அம்முக்கோணம் முழுவதும் தீர்மானமாகிறது. பள்ளிகளில் கோணம்–பக்கம்–கோணம் என்று கற்பிக்கப்படும் சர்வசமத் தேற்றம் இதுவே. இவ்வாறு கணித்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கம் ஆகிறது. எனவே முதல் கோடு ஒன்றை அளந்தாலே போதும். அதன்பின் கோணங்களை மட்டும் அளந்து நாடு முழுவதும் செல்லலாம்.

ஆனால் இம்முறையில் ஓர் இடர் உண்டு. முதல் கோட்டில் நேரும் பிழை எல்லாப் பக்கங்களுக்கும் அதே விகிதத்தில் பரவும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் 360 மைல் தொலைவில் அது ஏறத்தாழ 190 அடியாகிவிடும். தேற்றம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் அதனால் இப்பிழையை நீக்க இயலாது.

பரங்கிமலை அடிக்கோடு

இதனாலேயே லாம்டன் அடிக்கோட்டை அளப்பதில் மிகுந்த கவனம் செலுத்தினார். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையை அடுத்த சமவெளியில் பணி தொடங்கியது. தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கிச் சென்ற கோட்டின் நீளம் ஏறத்தாழ 40,000 அடி, அதாவது சுமார் 12 கிலோமீட்டர். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை அடுத்தடுத்து வைத்து அளக்க வேண்டியிருந்தது.

சங்கிலி தரையில் படாமல், கால்களின் மீது நிறுத்திய மரப்பெட்டிகளில் கிடத்தப்பட்டது. வெப்பத்தால் எஃகு நீளும் என்பதால் வெயில் படாமல் மறைப்பு அமைக்கப்பட்டது. வெப்பமானிகளின் அளவுகள் குறிக்கப்பட்டு நீளம் திருத்தப்பட்டது.

கோணங்களை அளக்க இலண்டனில் செய்யப்பட்ட, சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட்டு பயன்பட்டது. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு சென்றது. அறிவியல் கருவி என்பதால் அது பின்னர் சென்னைக்கு அனுப்பிவைக்கப்பட்டது.

முக்கோணச் சங்கிலி

பரங்கிமலையிலிருந்து முக்கோணங்கள் மேற்கே பெங்களூர் வழியாக அரபிக் கடல் வரை சென்றன. 1804 இல் பெங்களூருக்கு அருகே மற்றோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து கணித்து வந்த நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் இடையே சில அங்குல வேறுபாடே இருந்தது. தீபகற்பத்தின் அகலம் பழைய நிலப்படங்களில் காட்டப்பட்டதைவிட ஏறத்தாழ 40 மைல் குறைவு என்பதும் தெரியவந்தது.

தொடர்ந்து கிழக்குத் தீர்க்கக்கோடு 78° ஐ ஒட்டித் தெற்கு வடக்காக முக்கோணங்கள் அமைக்கப்பட்டன. இது மாபெரும் வில் எனப்படுகிறது. ஜான் வாரன், என்றி கேட்டர், சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்ற ஜோசுவா டி பென்னிங் ஆகியோர் லாம்டனின் உதவியாளர்களில் சிலர். கொடி பிடித்தோர், சுமை தூக்கியோர் முதலிய உள்ளூர்த் தொழிலாளர்களின் உழைப்பும் இப்பணியில் பெரும்பங்கு வகித்தது.

தஞ்சாவூர் விபத்து

மலைகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே நோக்கிடங்களாகப் பயன்பட்டன. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது; கோணங்கள் குறிக்கப்பட்ட வட்டம் உருக்குலைந்தது. புதிய கருவிக்காகக் காத்திராமல், லாம்டன் ஏறத்தாழ ஆறு வாரங்கள் உழைத்து அதைத் தாமே சீர்செய்தார்.

கோளப் பரப்பும் இணைகோட்டு எடுகோளும்

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180° என்னும் தேற்றம் யூக்ளிடின் ஐந்தாம் எடுகோளைச் சார்ந்தது. இணைகோடுகளைப் பற்றிய அந்த எடுகோள் தளத்துக்கு உரியது; வளைந்த புவிப்பரப்புக்குப் பொருந்தாது. அங்கே கூட்டுத்தொகை 180° ஐவிடச் சற்று மிகும். இது கோள மிகை எனப்படுகிறது. ஒவ்வொரு பக்கமும் 30 மைல் உள்ள முக்கோணத்தில் இது சுமார் 5 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600 இல் ஒரு பங்கு). லாம்டன் இந்த மிகையைக் கணக்கிட்டு, அதனுடன் ஒப்பிட்டே தம் அளவீடுகளின் பிழையை மதிப்பிட்டார்.

இறுதிக்காலம்

1817 இல் லாம்டன் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1818 இல் இவரது பணி இந்திய அரசின் நேரடிப் பொறுப்பில் பெரும் முக்கோணவியல் அளவீடாக மாற்றப்பட்டது. ஜார்ஜ் எவரெசுட்டு இவரது முதன்மை உதவியாளரானார். வடக்கு நோக்கிப் பணி நடந்துகொண்டிருந்தபோது, இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் இங்கன்காட்டில் 1823 சனவரி 20 அன்று லாம்டன் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அதுவரை வில் ஏறத்தாழ 10 பாகை நீளத்துக்கு அளக்கப்பட்டிருந்தது. அதனை எவரெசுட்டு இமயமலை அடிவாரம் வரை நீட்டித்தார்.

நினைவு

சென்னையின் மேற்குப் புறநகரான பூந்தமல்லியிலிருந்து வரும் நெடுஞ்சாலை சென்றடையும் பரங்கிமலையில் லாம்டனின் மார்பளவுச் சிலை அமைக்கப்பட்டுள்ளது. எவரெசுட்டின் பெயர் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்குச் சூட்டப்பட்டது. அச்சிகரத்தின் உயரத்தைக் கணிக்க உதவிய முக்கோணங்களைத் தொடங்கிவைத்த லாம்டனின் பெயர் அவ்வாறு பரவலாக அறியப்படவில்லை.