டென்னிஸ் பிரெய்ன்: இரு கருவிகள், ஒரு குரல்

டென்னிஸ் பிரெய்ன் 1921 மே 17இல் இலண்டனில் பிறந்தபோதே அவர் ஊதவேண்டிய கருவி முடிவாகிவிட்டது எனலாம். பாட்டனார் ஹார்ன் இசைத்தவர்; பெரியப்பா ஆல்ஃபிரடும் அவ்வாறே; தந்தை ஆப்ரியோ பி.பி.சி. சிம்பொனி இசைக்குழுவின் முதன்மை ஹார்ன் கலைஞர்.

சுருட்டிய நெடும் பித்தளைக் குழலாகிய ஹார்னில், மேல் ஸ்தாயிச் சுரங்கள் மிக நெருங்கிக் கிடக்கும். உதட்டின் இறுக்கம் மயிரிழை பிசகினும் அண்டைச் சுரம் பிறந்துவிடும். தேர்ந்த கலைஞரையும் அவையில் நாணச் செய்யும் கருவி அது.

ஆப்ரி குறுகிய துளையுடைய பிரெஞ்சு ஹார்னையே போற்றினார். ஜெர்மானிய ஹார்ன்களை அவர் ஏற்கவில்லை. இராயல் அகாதெமியில் அவரிடமே பயின்ற மகனும் பிரெஞ்சுக் கருவியையே கைக்கொண்டார். போர்க்காலத்தில் விமானப்படை இசைக்குழுவில் பணியாற்றிய நாளில், 1943இல், மோட்சார்ட்டின் நான்காம் ஹார்ன் கான்செர்ட்டோவை ஹாலே இசைக்குழுவினருடன் இசைத்தட்டில் பதித்தார். அப்போது அவருக்கு வயது 22.

1950களின் தொடக்கத்தில் அவர் ஜெர்மானிய அலெக்சாண்டர் ஹார்னுக்கு மாறினார். குழல் குறுகியது, ஆதலின் சுரங்கள் சற்று விலகி நின்றன, பிசகும் அச்சம் குறைந்தது. ஆனால் அது தந்தையின் ஒலியைத் துறப்பதுமாகும். ஆப்ரி அப்போது உயிருடன் இருந்தார்.

1953 நவம்பரில் கராயன் நடத்த, பில்ஹார்மோனியா இசைக்குழுவுடன் மோட்சார்ட்டின் நான்கு கான்செர்ட்டோக்களையும் புதிய கருவியில் பதிவு செய்தார். நான்காவதன் இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், முன்னதில் ஒலி மெலிந்து ஒளிர்வதும் பின்னதில் திரண்டு கனிந்திருப்பதும் புலனாகும். இழப்பே இல்லை என்பதற்கில்லை. எனினும் மரபு முறிந்ததென வருந்துவோர் ஒன்றை எண்ணவேண்டும்: மோட்சார்ட் தம் நண்பர் லாய்ட்கெபுக்காக இவற்றை எழுதிய காலத்தில் ஹார்னுக்கு வால்வுகளே இல்லை. தந்தையின் கருவியும் மோட்சார்ட்டின் கருவியன்று. மேலும், தொடரை எங்கே நிறுத்துவது, மூச்சை எங்கே வாங்குவது என்பனவெல்லாம் இரண்டிலும் டென்னிஸுடையனவே. யாப்பு மாறியும் குரல் மாறாத கவிஞர் நமக்குப் புதியவரல்லர்.

பெஞ்சமின் பிரிட்டன் இவருக்காகவே எழுதினார். ஹிண்டமித் தாம் இவருக்காக இயற்றிய கான்செர்ட்டோவின் பதிவைத் தாமே நடத்தினார்.

விரைவுக் கார்களின் மீது டென்னிஸுக்குத் தீராத மோகம். எடின்பரோ விழாவில் வாசித்துவிட்டு இரவெல்லாம் தாமே காரோட்டித் திரும்பியவர், 1957 செப்டம்பர் 1 அதிகாலையில், இலண்டனை நெருங்கிய ஹாட்ஃபீல்டில் மரத்தில் மோதி இறந்தார். வயது 36. விபத்தில் நசுங்கிய அலெக்சாண்டர் ஹார்ன் பின்னர்ச் செப்பனிடப்பட்டு, தந்தையிடம் அவர் பயின்ற இராயல் அகாதெமிக்கே சென்று சேர்ந்தது.