வடகடல் கண்ட பிதியாஸ்

பிரான்சு நாட்டின் தென்கரையில் மார்சேல் என்னும் துறைமுக நகரம் உள்ளது. கி. மு. 600-ஆம் ஆண்டளவில், சின்ன ஆசியாவின் மேற்குக் கரையிலுள்ள போகேயா நகரத்துக் கிரேக்கர் வாணிகத்தின்பொருட்டு இங்கு வந்து குடியேறினர். அவர்கள் அமைத்த நகரின் பெயர் மஸ்ஸாலியா. காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கிய நல்ல துறையொன்று அங்கு இயற்கையாகவே வாய்த்திருந்தது. உள்நாட்டு மக்களுக்கு மஸ்ஸாலியர் திராட்சை மதுவும் மட்கலங்களும் விற்றனர். வடதிசையிலிருந்து வந்த வெள்ளீயத்தையும், அம்பர் எனப்படும் பொன்னிறப் பிசின்மணியையும் வாங்கினர். செம்புடன் சேர்த்து வெண்கலம் செய்ய வெள்ளீயம் இன்றியமையாதது. ஆயினும், அது கிடைக்கும் நாட்டைப் பற்றிக் கிரேக்கர் தெளிவாக அறிந்திலர்.

இந்நகரில் கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் பிதியாஸ். அவர் செல்வரல்லர், அரசாங்கப் பதவி வகித்தவருமல்லர். ஆனால், வானநூலில் தேர்ந்தவர். ஆண்டின் மிக நீண்ட பகலன்று, நண்பகலில், நட்ட கோலின் உயரத்தையும் அதன் நிழலின் நீளத்தையும் ஒப்பிட்டுத் தம் நகரின் அட்சரேகையைக் கணித்தார். இக்காலக் கருவிகள் காட்டும் அளவுக்கு அது மிகவும் நெருங்கியுள்ளது. வானத்தின் வடதுருவத்தில் விண்மீன் எதுவும் இல்லை என்பதையும் அவர் கண்டறிந்தார்.

கி. மு. 325-ஆம் ஆண்டளவில் பிதியாஸ் அட்லாண்டிக் கடலின் வழியே வடக்கு நோக்கிப் பயணம் செய்தார். பிரிட்டன் தீவை அடைந்து, அது முக்கோண வடிவினது என்று எழுதினார். அதன் தென்மேற்கு முனையாகிய கார்ன்வாலில் மக்கள் வெள்ளீயம் தோண்டி உருக்கினர்; கடல் வற்றும் வேளையில் அதை வண்டிகளில் ஏற்றி அருகிலுள்ள தீவுக்குக் கொண்டு சென்றனர். இச்செய்தியும் பிதியாஸின் வாயிலாகவே கிரேக்கருக்குக் கிட்டியது என்பது அறிஞர் கருத்து. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. அங்குப் பிறந்து வளர்ந்த பிதியாஸ், பெருங்கடலின் ஏற்றவற்றத்திற்குத் திங்களே காரணம் என்று உணர்ந்தது வியப்புக்குரியது.

பிரிட்டனுக்கு வடக்கே ஆறு நாட் பயணத் தொலைவில் தூலே என்னும் நிலம் உண்டு என்று அவர் கூறினார். வடகோடியில் கோடை இரவு இரண்டு மூன்று மணி நேரமே நீடிக்கும் என்றும், அதற்கு அப்பால் கடல் உறைந்து கிடக்கும் என்றும் எழுதினார். நிலமும் நீரும் காற்றும் ஒன்றாய்க் கலந்த ஒரு பரப்பைச் சொறிமீனுக்கு ஒப்பிட்டார்.

இவற்றைக் கேட்ட பலர் நம்பவில்லை. பொருளற்ற தனியொருவர் அத்தனை தொலைவு செல்வது எங்ஙனம் இயலும் என்று ஐயுற்றார் பொலிபியஸ் என்னும் வரலாற்றாசிரியர். அத்துணைக் குளிரில் மனிதர் வாழ முடியாது என்று முடிவு கட்டிய ஸ்டிராபோ என்னும் நிலநூலார், பிதியாஸைப் பொய்யர் என்றே இகழ்ந்தார். பிதியாஸின் அளவைகள் யாவும் பிழையற்றவை அல்ல. பிரிட்டனின் சுற்றளவை அவர் மிகைப்படுத்தியே கூறினார். எனினும், எரட்டோஸ்தனிஸ், ஹிப்பார்க்கஸ் ஆகிய பேரறிஞர்கள் அவர் தந்த செய்திகளை ஏற்றுப் பயன்படுத்தினர். அவர் இயற்றிய பெருங்கடலைப் பற்றிய நூல் அழிந்துபோயிற்று. அவரை இகழ்ந்தவர்கள் மறுப்பதற்காக எடுத்துக் கூறிய செய்திகளே இன்று அவர் புகழைக் காத்து நிற்கின்றன!

மஸ்ஸாலியா கி. மு. 49-இல் ஜூலியஸ் சீசரிடம் பணிந்து தன் உரிமையை இழந்தது. அதன் பழந்துறையின் சுவர்கள் 1967-இல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. அவை கிடைத்த இடத்தை அடுத்துள்ள வணிக மாளிகையின் முகப்பில் பிதியாஸின் சிலை நிற்கிறது. வடநாட்டின் நீண்ட கோடைப் பகலையும் உறைந்த கடலையும் இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். வீட்டிலிருந்து கருதியவர் பலர். சென்று கண்டவர் ஒருவர். கண்டவர் கூற்றே காலத்தை வென்று நின்றது.