68 வயசு ரைடர்... 47 வயசு பைக்... மணிக்கு 296 கி.மீ! யார் இந்த பர்ட் மன்றோ?

உங்க கையில இருக்கிற போன் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு? மூணு வருஷம் தாண்டியிருந்தா, மாத்தலாமா வேணாமான்னு மனசு ஊசலாட ஆரம்பிச்சிருக்கும். 21 வயசுல வாங்கின ஒரு பைக்கை வாழ்நாள் முழுக்க விடாம வெச்சிருந்து, அதுக்குள்ள இருக்கிற பாகங்களை மட்டும் மாத்திக்கிட்டே இருந்த ஒரு மனுஷனைப் பத்தித்தான் இப்ப படிக்கப் போறீங்க. அவர் பேரு பர்ட் மன்றோ. பழைய பைக்கை வீட்டு ஷெட்டுல பிரிச்சுப் போட்டு வேலை பார்க்கிறவங்களுக்கு உலகம் முழுக்க இவர்தான் குலசாமி.

ஸ்கூட்டி வேகத்துல ஒரு பைக்

1899 மார்ச் 25. நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கிற இன்வர்கார்கில் நகரத்துல பிறந்தாரு மன்றோ. விவசாயக் குடும்பம். குதிரையில போய்க்கிட்டு இருந்த காலம். ஆனா பையனுக்கு வேகம்னா உயிர். 1920-ல் புத்தம் புதுசா ஒரு பைக் வாங்கினாரு. பேரு இந்தியன் ஸ்கவுட்.

பேரைப் பார்த்து நம்ம நாட்டு வண்டின்னு நினைச்சுடாதீங்க. இந்தியன் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்துல இருந்த கம்பெனி. ரெண்டு சிலிண்டர், 600 சிசி இன்ஜின். அதிகபட்ச வேகம் மணிக்கு 89 கி.மீ. இன்னிக்கு நீங்க காலேஜுக்கு ஓட்டிட்டுப் போற ஸ்கூட்டரே கிட்டத்தட்ட அந்த வேகம் போகும்.

ஆறு வருஷம் அந்த பைக்கை அப்படியே ஓட்டின மன்றோ, 1926-ல் ஸ்பேனரைக் கையில எடுத்தாரு. அதுக்கப்புறம் கீழே வைக்கவே இல்ல.

மெஷின் இல்லாத வொர்க்‌ஷாப்

மன்றோ இன்ஜினீயரிங் படிச்சவர் இல்ல. பகல்ல மோட்டார் சைக்கிள் விற்கிற சேல்ஸ்மேன், மெக்கானிக். ராத்திரி முழுக்கத் தன்னோட பைக்கோட மல்லுக்கட்டு. பல நாள் விடிய விடிய வேலை பார்த்துட்டு அப்படியே வேலைக்குக் கிளம்பிப் போனவர்.

பணம் பெருசா கிடையாது. அதனால டூல்ஸையும் அவரே செஞ்சுக்கிட்டாரு. நுட்பமா அளக்கிற மைக்ரோமீட்டருக்கு ஒரு பழைய சக்கரக் கம்பி. பாகங்களை வார்க்கிறதுக்கு அச்சு, காலி தகர டப்பா. பிஸ்டன், சிலிண்டர், ஃப்ளைவீல், கேம், இன்ஜின் ஆயில் ஓடுற அமைப்பு... எல்லாமே அவர் கைப்பட உருவானது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடை, டிராக்டரோட ஆக்ஸிலில் இருந்து கையாலேயே செதுக்கி எடுத்தாரு.

அது ஏன் அவ்வளவு உறுதியா இருக்கணும் தெரியுமா? இன்ஜின் சுத்துற வேகம் ரெண்டு மடங்கானா, அந்த ராடு மேல விழுற இழுவை நாலு மடங்காகும். அந்த நேரத்துல ராடு உடைஞ்சா, இன்ஜினையே கிழிச்சுட்டு வெளியே வரும். சீட்டுக்குக் கீழேதான் இன்ஜின். மீதியை நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

அடுத்த வேலை இன்ஜினோட மூச்சுக்குழாய். அந்தக் காலத்து ஸ்கவுட்டுல வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும். பெட்ரோலும் காத்தும் கலந்த கலவை வளைஞ்சு நெளிஞ்சுதான் உள்ளே போகணும். மன்றோ அந்த வால்வுகளை சிலிண்டருக்கு மேலே கொண்டு வந்துட்டாரு. கலவை தடையில்லாம இறங்குச்சு, அழுத்தம் கூடுச்சு, பவர் எகிறுச்சு. பெரிய பெரிய கம்பெனிகள் டிசைனர்களை வெச்சுப் பண்ற வேலையை ஒரு ஷெட்டுல தனி ஆளா பண்ணிக்கிட்டு இருந்தாரு.

இதெல்லாம் முதல் தடவையே சரியா வந்துச்சான்னு கேட்டா, இல்ல. இன்ஜின் வெடிக்கும். பிஸ்டன் உருகும். திரும்ப வார்ப்பாரு. திரும்ப உடையும். உடைஞ்ச பாகங்களைத் தூக்கிப் போடாம ஷெட்டுல ஒரு அலமாரியில் அடுக்கி வெச்சு, வேகத்தின் கடவுளுக்குக் கொடுத்த காணிக்கைன்னு எழுதி வெச்சிருந்தாரு. நாம ஃபெயிலியரை ஆர்க்கைவ் பண்ணி மறைச்சு வைப்போம். மனுஷன் ஷோகேஸ் பண்ணியிருக்காரு!

வேகத்துக்குக் கொடுத்த விலை

இதை வெறும் ஜாலியான கதையா மட்டும் படிச்சுட்டுப் போயிடாதீங்க. 1927-ல் கல்யாணம். நாலு குழந்தைங்க. 1947-ல் விவாகரத்து. 1940-களின் கடைசியில வேலையையும் விட்டுட்டு, முழுநேரமா பைக்குக்கே வந்துட்டாரு. அவர் குடியிருந்தது வீடே இல்ல, ஒரு கராஜ். பைக் பக்கத்துலயே படுக்கை. நிறைய விபத்துகள். மயங்கி விழுந்தது, பல் போனதுன்னு உடம்பு முழுக்கக் கணக்கு இருக்கு. பின்னாடி நெஞ்சுவலியும் சேர்ந்துக்குச்சு.

ஒரு விஷயத்தை உயிரா நேசிக்கிறவங்களைத் தூரத்துல இருந்து பார்க்க அழகா இருக்கும். கூட வாழ்ந்தவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

இந்தப் பக்கம் வேகம் ஏறிக்கிட்டே இருந்துச்சு. 1940-ல் மணிக்கு 194 கி.மீ. 1957-ல் கடற்கரை மணல்ல 211 கி.மீ. இதுக்கு நடுவுல 1953-ல் ஸ்கவுட்டைத் தயாரிச்ச இந்தியன் கம்பெனியே உற்பத்தியை நிறுத்திடுச்சு. வண்டியைப் பெத்த கம்பெனி மூடினாலும் வண்டி நிக்கல. ஸ்பேர் பார்ட்ஸுக்கு அவர் அந்த கம்பெனியை நம்பியிருந்தாதானே கவலை!

உப்புப் பாலைவனத்துல ஒரு தாத்தா

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துல போனவில் என்ற இடம். ஒரு காலத்துல ஏரி. இப்போ கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வெள்ளை உப்பு, சமமான தரை. வேகச் சாதனை பண்றவங்களுக்கு அதுதான் மெக்கா.

இங்கே மன்றோவோட பெரிய எதிரி காத்து. வேகம் ரெண்டு மடங்கானா, காத்தைக் கிழிச்சுட்டுப் போகத் தேவைப்படுற பவர் எட்டு மடங்காகும். பழைய இன்ஜினை எவ்வளவு பிழிஞ்சாலும் ஒரு எல்லை இருக்குல்ல? அதனால பைக்கை முழுசா மூடுற மாதிரி மீன் வடிவக் கூடு ஒண்ணு செஞ்சு, அதுக்குள்ள உடம்பைக் குறுக்கிப் படுத்துக்கிட்டு ஓட்டினாரு.

1962-ல், 63 வயசுல, தன்னோட பிரிவுல உலக சாதனை. மணிக்கு 288 கி.மீ. 600 சிசி இன்ஜின் அப்போ 850 சிசி ஆகியிருந்துச்சு. 1966-ல் இன்னொரு சாதனை. 1967-ல், 950 சிசி இன்ஜினோட, 1,000 சிசிக்குக் கீழான பிரிவுல 295.45 கி.மீ-ன்னு சாதனைப் புத்தகத்துல ஏறிச்சு. அதே சமயத்துல ஒரு தகுதிச் சுற்றுல 305.89 கி.மீ தொட்டாரு. வண்டிக்கு 47 வயசு, ஓட்டுறவருக்கு 68 வயசு. ரெண்டையும் கூட்டினா 115.

மகன் கண்டுபிடிச்ச கணக்குப் பிழை

மேலே 295.45-ன்னு சொன்னேன். தலைப்புல 296 இருக்கேன்னு கேக்குறீங்களா? அங்கேதான் ட்விஸ்ட்.

போனவில்ல சாதனைன்னா, ஒரு திசையில ஓட்டி, திரும்ப எதிர் திசையிலயும் ஓட்டணும். ரெண்டோட சராசரிதான் கணக்கு. அந்தச் சராசரியைப் போட்டதுல 1967-லயே பிழை நடந்திருக்கு. பல வருஷம் கழிச்சு அதைக் கவனிச்சவர் மன்றோவோட மகன் ஜான். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அதைச் சரிபார்த்து, 2014-ல் சாதனையை 296.26 கி.மீ-ன்னு திருத்துச்சு. மன்றோ இறந்து 36 வருஷம் கழிச்சு, அவரோட வேகம் இன்னும் கொஞ்சம் கூடிடுச்சு!

அப்பாவோட வாழ்க்கையில பெரும்பங்கை எடுத்துக்கிட்ட ஒரு பைக்கோட கணக்கை, மகன் உட்கார்ந்து சரிபார்த்திருக்காரு. அந்த ஒரு விஷயம் போதும், எனக்கு இந்தக் கதையை மறக்க முடியல.

ரீஸ்டோரேஷனா, மாடிஃபிகேஷனா?

பழைய பைக் பிரியர்கள் நடுவுல எப்பவும் ஓடுற சண்டை இது. கம்பெனியில இருந்து வந்த நாள்ல எப்படி இருந்துச்சோ, அதே பெயின்ட், அதே போல்ட்டோட மீட்டெடுக்கிறதுதான் ரீஸ்டோரேஷன்னு ஒரு கூட்டம். அந்த விதிப்படி பார்த்தா, மன்றோ அருமையான 1920 ஸ்கவுட் ஒண்ணைக் கெடுத்துட்டாரு. ஆனா, உலகத்துலயே புகழ்பெற்ற ஸ்கவுட் இப்போ அதுதான்.

நீங்க ஒரு பழைய வண்டியைக் கையில எடுத்தா, முதல்ல முடிவு பண்ண வேண்டியதும் இதைத்தான். வண்டியை அது பிறந்த நாளுக்குக் கூட்டிட்டுப் போகப் போறீங்களா, இல்ல அது போகாத இடத்துக்கா? ரெண்டுக்கும் வேலை வேற, செலவு வேற. மன்றோகிட்ட ரெண்டுக்கும் பொதுவான பாடம் ஒண்ணு இருக்கு. ஒரு பாகம் உடைஞ்சா, ஏன் உடைஞ்சுதுன்னு தெரியாம அடுத்ததை மாட்டாதீங்க. அலமாரியில வெச்சுப் பாருங்க.

1977-ல் பக்கவாதம் வந்ததும், இனி ஓட்ட முடியாதுன்னு அவருக்குப் புரிஞ்சுடுச்சு. பைக்குகளை ஊரை விட்டு அனுப்ப மனசு வரல. உள்ளூர் ஹார்டுவேர் கடை நடத்துற குடும்பத்துக்கே வித்துட்டாரு. 1978 ஜனவரி 6-ம் தேதி, 78 வயசுல இறந்துபோனாரு. 2005-ல் ஆன்டனி ஹாப்கின்ஸ் நடிச்ச 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' படம் வந்த பிறகுதான் அவரை உலகமே திரும்பிப் பார்த்துச்சு.

அவரோட பைக் இன்னிக்கும் இன்வர்கார்கில்ல அதே கடையிலதான் நிக்குது. ஆணி, ஸ்பேனர், போல்ட் வாங்க வர்றவங்க அதைத் தாண்டித்தான் போறாங்க.